விசுவாசத்துக்கும் ‘தெரியாது’ என்பதற்கும் நடுவே ஒரு தாய்மாமன்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். குமரி மாவட்டம் கருங்கல் பக்கம் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, இப்போது பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பி கேட்டிருக்கிறார். அக்காவின் குழந்தைக்கு ஞானஸ்நானம் வருகிறது. தாய்மாமன்தான் ஞானத்தந்தையாக நிற்க வேண்டும் என்று வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள். அவரோ சில வருடங்களாகத் தன்னை அக்னாஸ்டிக் என்று நினைத்துவருகிறார். கடவுள் இல்லை என்று அவர் சொல்லவில்லை. இருக்கிறார் என்று சொல்லவும் மனம் வரவில்லை. அம்மாவிடம் சொன்னதற்கு, "மக்களே, ஒண்ணு விசுவாசம் உண்டு, இல்லேன்னா இல்ல. இதென்ன நடுவுல ஒண்ணு?" என்றாராம். விசுவாசத்துக்கும் இந்தச் சந்தேகத்துக்கும் உண்மையில் என்ன வித்தியாசம்? இரண்டும் ஒரே ஆளிடம் இருக்க முடியுமா? பீடத்துக்கு முன்னால் "விசுவசிக்கிறேன்" என்று சொன்னால் அது பொய்யாகுமா?

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், தேதி நெருங்குவதால். திருச்சபைச் சட்டப்படி ஞானப்பெற்றோர் இரண்டு பேர் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஆணோ பெண்ணோ, ஒருவர் போதும். அவர் 16 வயது நிரம்பியவராக, உறுதிப்பூசுதலும் நற்கருணையும் பெற்றவராக, ஏற்கும் பொறுப்புக்கு ஏற்ற விசுவாச வாழ்க்கை வாழ்பவராக இருக்க வேண்டும். சடங்கில் ஃபாதர் கேட்கும் கேள்விகளுக்குக் குழந்தையின் வாயாக மட்டும் நீங்கள் பதில் சொல்வதில்லை. உங்களுடைய சொந்த ஞானஸ்நான வாக்குறுதியை அங்கே புதுப்பிக்கிறீர்கள். ஆகவே "பிள்ளைக்காகத்தானே சொல்கிறேன்" என்று தப்பிக்க வழியில்லை. அதே சமயம் மாமன் முறை வேறு, ஞானத்தந்தைப் பொறுப்பு வேறு. மாமன் சீர் செய்ய விசுவாசப் பிரமாணம் தேவையில்லை. அத்தானின் தங்கையோ வேறு யாரோ ஞானத்தாயாக நிற்க, நீங்கள் மாமனாக மட்டும் நிற்கலாம். ஆனால் அப்படி ஒதுங்கத்தான் வேண்டுமா என்பது உங்கள் சந்தேகம் எந்த வகை என்பதைப் பொறுத்தது.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். தத்துவம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஞாயிறு பூசைக்குப் போகிறவன். விசுவாசத்தின் பக்கம் நான் கொஞ்சம் சாய்ந்தால் அதற்கேற்பக் கழித்துக்கொள்ளுங்கள்.

நம்ம மாவட்டத்தில் இந்தக் கேள்வி ஏன் இவ்வளவு சிக்கலாகிறது என்று முதலில் பார்க்கலாம். 2011 கணக்கெடுப்பில் குமரி மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் ஏறக்குறைய 47 விழுக்காடு. ஒரே சாலையில் ஆர்.சி. கோயில், சி.எஸ்.ஐ. சபை, இரட்சணிய சேனை, இரண்டு மூன்று பெந்தெகொஸ்தே ஜெப வீடுகள் எல்லாம் இருக்கும். இங்கே கிறிஸ்தவன் என்பது ஒரு கருத்து மட்டுமில்லை. ஊர் வரி, அன்பியம் என்ற பக்கத்து வீட்டார் ஜெபக் குழு, திருவிழாக் கமிட்டி, கல்யாண ஓலை வாசிப்பது, கடைசியில் கல்லறைத் தோட்டத்தில் ஆறடி இடம், எல்லாம் அதில் அடக்கம். அதனால் "உனக்கு விசுவாசம் உண்டா?" என்று அம்மா கேட்கும்போது, பாதிக் கேள்வி "நீ இன்னும் நம்ம ஆள்தானா?" என்பதுதான். அந்தப் பாதிக்குத் தத்துவத்தில் பதில் கிடையாது. அதற்கு ஆம் என்று சொல்லத் தயங்காதீர்கள்.

இனி மீதிப் பாதி. பெரும்பாலானவர்கள் இதை ஒரு அளவுகோல் போல நினைக்கிறார்கள். ஒரு முனையில் நூறு சதவீத விசுவாசி, மறுமுனையில் நாத்திகர், நடுவில் ஐம்பதில் அக்னாஸ்டிக். இந்தப் படமே தவறு என்பது என் கருத்து. யாக்கோபு நிருபத்தில் ஒரு வசனம் உண்டு: பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன. கடவுள் இருக்கிறார் என்பதில் பிசாசுக்கு ஒரு துளிச் சந்தேகமும் இல்லை. ஆனாலும் அதைக் கிறிஸ்தவ விசுவாசம் என்று யாரும் சொல்வதில்லை. அப்படியானால் விசுவாசத்தின் சாரம் உறுதியின் அளவில் இல்லை. ஒருவரை நம்பி, அவர் சொன்னபடி வாழத் தன்னை ஒப்புக்கொடுப்பதில் இருக்கிறது. அக்னாஸ்டிக் நிலையோ முழுக்க வேறொரு விஷயத்தைப் பற்றியது: எதைத் தெரிந்ததாகச் சொல்ல எனக்கு உரிமை உண்டு, எதைச் சொல்ல உரிமை இல்லை என்பது. ஒன்று உறவு, மற்றொன்று அறிவு நேர்மைக்கான விதி. இரண்டும் மோதும் இடம் ஒன்று உண்டு, ஆனால் அது "கடவுள் உண்டா" என்ற கேள்வியில் இல்லை. ஆதாரம் போதாத இடத்தில் ஒருவர் தன்னை ஒப்புக்கொடுக்கலாமா என்ற கேள்வியில் இருக்கிறது.

அக்னாஸ்டிக் என்ற பெயரை 1869இல் உருவாக்கியவர் ஆங்கிலேய உயிரியலாளர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி. டார்வினுக்காக மேடை மேடையாக வாதாடியவர். ஆனால் அவருடைய நிலை வாதத்தில் மட்டும் பிறக்கவில்லை. 1860 செப்டம்பரில் அவருடைய மூத்த மகன் நோயல், நாலு வயது நிரம்பாத பிள்ளை, காய்ச்சலில் இறந்தான். நண்பரும் ஆங்கிலிக்கன் குருவுமான சார்லஸ் கிங்ஸ்லி ஆறுதல் கடிதம் எழுதினார். ஹக்ஸ்லி எழுதிய பதில் இன்றும் கிடைக்கிறது. மனித ஆன்மா அழியாதது என்பதை நான் மறுக்கவும் இல்லை, உறுதிப்படுத்தவும் இல்லை; நம்பக் காரணம் தெரியவில்லை, பொய்யென்று நிரூபிக்கவும் வழியில்லை என்கிறார். பிள்ளையை அடக்கம் செய்யும்போது குருவானவர் பவுல் அடிகளின் வரியை வாசித்தாராம்: மரித்தோர் உயிர்த்தெழாவிட்டால், புசிப்போம், குடிப்போம், நாளைக்குச் சாவோம். அது தன்னை எவ்வளவு புண்படுத்தியது என்று ஹக்ஸ்லி சொல்கிறார். ஈடுசெய்ய முடியாத இழப்பு வந்துவிட்டது என்பதற்காக நான் மனிதத் தன்மையை விட்டுவிட்டு மிருகமாக வேண்டுமா என்று கேட்கிறார். சந்தேகப்படுகிறவனுக்கு ஒழுக்கம் கிடையாது என்று பிரசங்க மேடையில் சுலபமாகச் சொல்பவர்கள் அந்தக் கடிதத்தை ஒருமுறை படிக்க வேண்டும். தனக்கு ஆறுதல் தேவைப்படுகிறது என்பதையே ஒரு கருத்து உண்மை என்பதற்குக் காரணமாக்க மறுத்த ஒரு தகப்பன் அவர்.

எதிர்ப் பக்கத்திலும் ஒரு சுலபமான பொய் உண்டு. விசுவாசிகள் கேள்வியே கேட்காதவர்கள் என்பது. நம்ம ஊர்ப் புனிதரையே எடுத்துக்கொள்ளுங்கள். நட்டாலத்தில் 1712இல் பிறந்து, மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனையில் வேலை பார்த்த நீலகண்ட பிள்ளை, வீட்டில் அடுத்தடுத்து இழப்புகள் வந்து நொந்துபோயிருந்தார். 1741 குளச்சல் போரில் தோற்று, பிறகு திருவிதாங்கூர் படைக்கே தளபதியான டச்சுக்காரர் டிலனாய் அவருக்குச் சொன்ன கதை யோபுவின் கதை என்பது மரபு. 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15இல் ரோமில் புனிதராக அறிவிக்கப்பட்டார். விவிலியத்தில் எத்தனையோ அற்புதக் கதைகள் இருக்க, அவருக்குச் சொல்லப்பட்டது பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த ஒருவன் கடவுளிடமே நியாயம் கேட்கும் கதை. அந்தப் புத்தகத்தின் முடிவில் கடவுள் கோபிப்பது யோபுவிடம் இல்லை. "நீ ஏதோ பாவம் செய்திருப்பாய், அதனால்தான் இது" என்று விளக்கம் சொன்ன நண்பர்களிடம்தான்.

இதை எதற்காகச் சொல்கிறேன் என்றால், 2004 டிசம்பர் 26 நமக்கு மறந்துவிடவில்லை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று விசுவாசத்தில் ஊறிய கடற்கரை ஊர்களைத்தான் அலை எடுத்துப் போனது. அப்புறம் 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கம் கடலுக்குப் போனவர்களில் பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. சுனாமிக்குப் பிறகு சாட்சிக் கூட்டங்களில் "அன்றைக்கு ஆண்டவர் என்னை மட்டும் தப்புவித்தார்" என்பது போன்ற சாட்சிகளைக் கேட்டிருக்கிறேன். சொன்னவருக்கு அது உண்மையான நன்றியுணர்வு. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்து அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் தாய்க்கு அந்த வாக்கியம் என்ன சொல்கிறது? ஒரு அக்னாஸ்டிக் இங்கே கேட்கும் கேள்வி மிக நியாயமானது: தப்பியவர்களின் சாட்சியை மட்டும் எண்ணி, தப்பாதவர்களை எண்ணாமல் விட்டால் அது என்ன ஆதாரம்? இந்த இடத்தில் நான் அக்னாஸ்டிக் பக்கம்தான். சொல்லப்போனால் இயேசுவும் அந்தப் பக்கம்தான். சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து இறந்த 18 பேர் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா, இல்லை என்கிறார் லூக்கா நற்செய்தியில்.

அப்படியானால் விசுவாசிக்கும் அக்னாஸ்டிக்குக்கும் வித்தியாசமே இல்லையா? உண்டு. சந்தேகம் யாரை நோக்கிப் போகிறது என்பதில் இருக்கிறது. மாற்கு நற்செய்தியில் நோயாளிப் பிள்ளையின் தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று அழுகிறான். 88ஆம் சங்கீதம் ஏறக்குறைய முழுவதும் புகார்தான். ஆறுதலான ஒரு முடிவுகூட இல்லாமல் இருளில் முடிகிறது. அன்னை தெரசா ஐம்பது வருடம் போலக் கடவுளின் பிரசன்னத்தையே உணராமல் தவித்தார் என்பது 2007இல் அவருடைய கடிதங்கள் வெளிவந்தபோது உலகத்துக்குத் தெரிந்தது. இவர்கள் எல்லோரும் கடவுளிடம் சந்தேகப்படுகிறார்கள். அக்னாஸ்டிக் கடவுளைப் பற்றிச் சந்தேகப்படுகிறார். முதல் வகையில், பதில் வராவிட்டாலும் பேச்சு நிற்பதில்லை. இரண்டாவது வகையில், பேசுவதற்கு எதிரே ஒருவர் இருக்கிறாரா என்பதே கேள்வி. உங்கள் சந்தேகம் முதல் வகை என்றால், என் கணக்கில் நீங்கள் தயங்காமல் ஞானத்தந்தையாக நிற்கலாம். கத்தோலிக்க மறைக்கல்வி நூலும், வேண்டுமென்றே நம்ப மறுக்கும் சந்தேகத்தையும், தடுமாற்றத்தால் வரும் சந்தேகத்தையும் பிரித்தே பேசுகிறது. இரண்டாவது வகை என்றால் நிற்காமலிருப்பதே உங்களுக்கும் அந்தக் குழந்தைக்கும் மரியாதை.

அதே மறைக்கல்வி நூல் அக்னாஸ்டிக் நிலையில் கடவுளைத் தேடும் முயற்சி சில சமயம் இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டுவிட்டு, பெரும்பாலும் அது நடைமுறை நாத்திகம்தான் என்று முடிக்கிறது. இது பாதிதான் நியாயம் என்பேன். "எனக்கு இதெல்லாம் தெரியாது, அக்கறையும் இல்லை" என்று ஞாயிறு முழுக்கத் தூங்குகிற ஆளுக்குப் பொருந்தும். ஹக்ஸ்லிக்குப் பொருந்தாது. அதுபோலவே, "நீ தெரியாமலே கடவுளைத்தான் தேடுகிறாய்" என்று அக்னாஸ்டிக்கின் தோளில் தட்டுவதும் எனக்குப் பிடிக்காது. ஒருவர் சொல்வதைச் சொன்னபடி எடுத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு குழப்பம்: "கடவுளை அறியவே முடியாது என்று ஞானிகளே சொல்லியிருக்கிறார்களே, அப்போது அவர்களும் அக்னாஸ்டிக்தானே?" புனித தாமஸ் அக்வினாஸ் அப்படித்தான் எழுதினார், கடவுள் என்னவாக இருக்கிறார் என்று நமக்குத் தெரியாது, என்னவாக இல்லை என்பதுதான் தெரியும் என்று. 1273 டிசம்பரில், இதுவரை எழுதியதெல்லாம் வைக்கோல் போலத் தோன்றுகிறது என்று பேனாவைக் கீழே வைத்தவர். ஆனால் அவர் முடியாது என்றது கடவுளின் இயல்பை முழுக்கப் புரிந்துகொள்வதை. கடவுள் இருக்கிறார் என்பதைப் பகுத்தறிவால் காட்ட முடியும் என்று ஐந்து வழிகளும் சொன்னார். 1870இல் முதல் வத்திக்கான் சங்கம் அதைத் திருச்சபையின் போதனையாகவே அறிவித்தது. அக்னாஸ்டிக் சந்தேகிப்பது கடவுள் இருக்கிறார் என்ற இந்த முதல் படியையே. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது கேட்க இனிமையாக இருக்கும், அவ்வளவுதான்.

திருவிதாங்கோட்டு அரப்பள்ளி என்ற பழைய தேவாலயத்துக்குப் போயிருப்பீர்கள். கி.பி. 63இல் அப்போஸ்தலர் தோமாவே கட்டியது என்பது அங்குள்ள மரபு. தழும்பில் விரல் விடாமல் நம்பமாட்டேன் என்ற அதே தோமா. இந்த மரபுக்கு அந்தக் காலத்துச் சான்று கையில் இல்லை. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த தோமா பணிகள் என்ற பழைய நூல் அவரை வடமேற்கே கோண்டபோரஸ் அரசரிடம் அனுப்புகிறது. அப்படி ஒரு அரசர் இருந்ததை நாணயங்கள் காட்டுகின்றன. தெற்கே வந்தாரா? வரலாற்று மாணவர் "நிரூபிக்கப்படவில்லை" என்று நிறுத்துவார். அந்தக் கோயிலில் மெழுகுதிரி ஏற்றும் பாட்டி நிறுத்தமாட்டார். இங்கே மாணவர் சொல்வதே சரி, அதனால் பாட்டிக்கு ஒரு நஷ்டமும் இல்லை. தோமா அங்கே வராவிட்டாலும் கிறிஸ்தவம் விழாது. ஆனால் எது பொய்யானால் கிறிஸ்தவம் விழும் என்ற கேள்விக்கு ஒரு தெளிவான பதில் உண்டு. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஆதாரம் போதாத இடத்தில் ஒருவர் தன்னை ஒப்புக்கொடுக்கலாமா என்று முன்னே சொன்ன மோதலுக்கு இரண்டு பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள். 1877இல் கிளிஃபர்ட் என்ற கணித அறிஞர், போதிய ஆதாரமில்லாமல் எதையும் நம்புவது எப்போதும், எங்கும், யாருக்கும் தவறு என்றார். அவர் சொன்ன உதாரணம் ஒரு கப்பல் முதலாளி. பழைய கப்பல், பழுது பார்க்கச் செலவாகும். இத்தனை தடவை போய் வந்ததுதானே என்று மனதைத் தேற்றி, மனப்பூர்வமாக நம்பியே அனுப்புகிறார். கப்பல் மூழ்குகிறது. அவருடைய நம்பிக்கை உண்மையானதுதான், ஆனால் அப்படி நம்ப அவருக்கு உரிமை இல்லை என்கிறார் கிளிஃபர்ட். கடலோரத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1896இல் அமெரிக்கத் தத்துவ அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் பதில் சொன்னார். சில கேள்விகளை ஆதாரத்தால் தீர்க்க முடியாது, தள்ளிப்போடவும் முடியாது, தள்ளிப்போடுவதே ஒரு முடிவாகிவிடும். அங்கே ஏமாந்துவிடுவோமோ என்ற பயத்தை மட்டும் வழிகாட்டியாக வைப்பது ஏன் அறிவுடைமை? கல்யாணம் அப்படித்தான். பத்து வருடம் ஆதாரம் திரட்டிவிட்டுச் சம்மதம் சொல்கிறேன் என்பவருக்குப் பெண் காத்திருக்கமாட்டாள். நான் ஜேம்ஸ் பக்கம்தான் சாய்கிறேன். ஆனாலும் இந்த ஒப்புமை ஓரிடத்தில் நொண்டுகிறது: கல்யாணத்தில், பெண் இருக்கிறாளா என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

பிரெஞ்சு அறிஞர் பாஸ்கலின் பந்தயத்தை யாராவது உங்களிடம் நீட்டுவார்கள்: இருந்தால் லாபம், இல்லாவிட்டால் நஷ்டமில்லை, நம்பிவிடு. விட்டுவிடுங்கள். அது உங்கள் கேள்விக்கான மருந்து இல்லை.

இனி, எது பொய்யானால் கிறிஸ்தவம் விழும் என்ற அந்தக் கேள்வி. கடவுள் உண்டா என்று பொதுவாக யோசித்துக்கொண்டிருந்தால் வாழ்நாள் முழுக்க யோசிக்கலாம். கிறிஸ்தவம் அப்படிப் பொதுவாக நிற்பதில்லை. ஒரு சம்பவத்தின் மேல் நிற்கிறது. கிறிஸ்து எழுந்திருக்கவில்லை என்றால் எங்கள் பிரசங்கமும் விருதா (வீண்), உங்கள் விசுவாசமும் விருதா என்று பவுல் அடிகளே எழுதிவைத்தார், ஹக்ஸ்லியைப் புண்படுத்திய அதே அதிகாரத்தில். கொரிந்தியருக்கு அந்த நிருபம் எழுதப்பட்டது ஏறக்குறைய கி.பி. 55 வாக்கில், சிலுவைச் சாவுக்குப் பிறகு கால் நூற்றாண்டுக்குள். உயிர்த்தவரைக் கண்டவர்கள் என்று கேபா என்ற பேதுரு, பன்னிருவர், ஐந்நூறு பேருக்கு மேல், யாக்கோபு, கடைசியாகத் தான் என்று அவர் பட்டியல் தருகிறார். புதிய ஏற்பாட்டு அறிஞரும், தன்னை வெளிப்படையாக அக்னாஸ்டிக் என்று சொல்லிக்கொள்பவருமான பார்ட் எர்மன், இயேசு வாழ்ந்தார், பிலாத்துவின் காலத்தில் சிலுவையில் இறந்தார், சீடர்களில் சிலராவது அவரை மறுபடி கண்டதாக உண்மையாகவே நம்பினார்கள் என்பதையெல்லாம் ஏற்கிறார். அவர் ஏற்காதது, அவர்கள் கண்டது உண்மையில் நடந்தது என்பதை. இறந்தவரைக் கண்டதாகத் துக்கத்தில் இருப்பவர்கள் சொல்வது எல்லா ஊரிலும் நடக்கிறது என்பது அந்தப் பக்கத்தின் வாதம். அப்படிக் கண்டவர்கள் வேறெங்கும் இறந்தவரை ஆண்டவர் என்று அறிவித்து, அதற்காக அடிபடத் தயாரானதில்லையே என்பது இந்தப் பக்கத்தின் வாதம். இரண்டுமே லேசான வாதங்கள் அல்ல. வரலாறு உங்களை ஒரு எல்லை வரைக்கும்தான் கூட்டிப்போகும். அங்கிருந்து எட்டி வைப்பது ஜேம்ஸ் பேசிய அந்த முடிவு, நிற்பது கிளிஃபர்ட் பேசிய நேர்மை.

எர்மன் விசுவாசத்தை விட்டது விவிலியத்தில் முரண்பாடு கண்டதால் அல்ல, உலகத்தின் துன்பத்தைக் கண்டதால் என்று அவரே சொல்லியிருக்கிறார். அதனால் யோபுவையும் கொரிந்தியர் முதல் நிருபத்தின் 15ஆம் அதிகாரத்தையும் சேர்த்துப் படியுங்கள், ஒன்றை விட்டு ஒன்று வேண்டாம். ஞானஸ்நானத் தயாரிப்பு வகுப்புக்கு முன்பே ஃபாதரை ஒரு மாலை தனியாகப் பாருங்கள். வகுப்பில் எல்லோர் முன்னாலும் கேட்டால் அவரும் பாட்டுப் போலப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கும். அக்காவிடம் அதற்கும் முன்பே சொல்லிவிடுங்கள், அழைப்பு அட்டை அடிக்கக் கொடுக்கும் முன்னால்.